தீர்க்காயுசு டப்பா

வியாழக்கிழமையானால் ஹைதராபாத் சனத்நகரில் அந்தத் தெருவில் நடக்க இடம் கிடையாது. ஓடாத ஸ்கூட்டர், தண்ணீர் இறைக்காத பம்பு, படமே காட்டாத டிவி எல்லாம் மஞ்சள் குங்குமத்தோடு வரிசையில் நிற்கும். நாடி சாமியார் தொட்டுப் பார்த்தே யந்திரத்தின் ஆயுளைச் சொல்லிவிடுவாராம்! தட்சிணையை மட்டும் தொடமாட்டார். அதற்குச் சீடர் இருக்கிறார்.

அன்று அந்த வரிசையில் வழக்கம்போல ஒரு சர்க்கார் ஜீப்பும் வந்து நின்றது. இறங்கியவர் வெங்கடகிருஷ்ணன். ராணுவத்துக்குக் கருவி செய்யும் தொழிற்சாலையில் மேனேஜர், அமெரிக்காவில் படித்தவர். படிப்பு வேறு, பயம் வேறு அல்லவா! கையில் ஒரு தகர டப்பா. உள்ளே கடுகளவு சிலிக்கான் சென்சார்கள். ஹெலிகாப்டர் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று விமானிக்குச் சொல்பவை. பனியில் அவை பிசகினால் ஹெலிகாப்டர் மலையில் போய் முட்டும்.

சாமியார் டப்பாவைத் தடவினார். திறக்கவில்லை. திறந்தால் அருள் போய்விடுமாம்.

"எல்லாம் தீர்க்காயுசு!"

மேனேஜர் பூரித்துப்போய்த் திரும்பினார். சோதனைப் பிரிவு இன்ஜினியரைக் கூப்பிட்டார். "கல்பகம், நாடி சாமியார் பார்த்துட்டார், குளிர் டெஸ்ட் வேண்டாம்மா. இந்த லாட் சரக்கை அப்படியே அனுப்பிடலாம். மேலிடத்துல அவசரப்படுத்தறா."

கல்பகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஹெலிகாப்டர்ல சாமியார் ஏறுவாரா சார்?"

"விதண்டாவாதம் பண்ணாதே. போன லாட் அவர் சொன்னபடி பாஸாச்சே!"

"அதுக்கு முந்தின லாட் ஃபெயிலாச்சே?"

"அது... நம்ம செக்‌ஷன்ல யாரோ குளிக்காம வந்துட்டா."

"சரி சார். இன்னொரு டப்பா இருக்கு. அதையும் பார்த்துச் சொல்லட்டும். நானும் வரேன்."

அடுத்த வியாழன் இருவரும் போனார்கள். சாமியார் டப்பாவை வாங்கிக் கண்ணை மூடினார். "ஆஹா! உள்ளே நாடி துடிக்குதும்மா. பனியில போட்டாலும் ஒண்ணுகூடப் பழுதாகாது."

கல்பகம் மூடியைத் திறந்து அவர் உள்ளங்கையில் கவிழ்த்தாள். கடுகு! அவள் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலிருந்து வந்த அசல் கடுகு.

சாமியார் விழித்தார். "கடுகுக்கும் உயிர் உண்டும்மா!"

"உண்டு சாமி, தாளிக்கிற வரைக்கும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் நின்ற அப்துல் ரஹீம் பதறினார். "நக்கோ சாமி, வேண்டாம்! என் ஸ்கூட்டரை உடுங்க, மெக்கானிக்கிட்ட போறேன்."

மேனேஜர் ஜீப்பில் ஏறினார். தொழிற்சாலைக்கு வந்ததும், "குளிர்ல போட்டுடும்மா" என்றார். தீர்க்காயுசு பெற்ற சென்சார்களில் பாதி குளிர்ப்பெட்டிக்குள்ளேயே உயிரை விட்டன. வெங்கடகிருஷ்ணன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அந்த விமானி யாரோ, எவரோ. நமக்கு மூளை இருக்கிறது என்று நம்பித்தான் மேலே ஏறுகிறான். அவன் நம்பிக்கையையாவது பொய்யாக்காமல் இருப்போமே!