கணக்கில் பெயிலான பூங்கோதை முதலிடம் பிடித்த கதை

ஒரு காட்டில் பூங்கோதை என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். தாவரவியல் என்றால் அவளுக்கு உயிர். எந்தக் கிழங்கு எந்த மண்ணில் எவ்வளவு ஆழத்தில் கிடக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கணக்கு மட்டும் வராது.

தேர்வு முடிவு வந்த அன்று காலையில் காடே செல்போனும் கையுமாக மேட்டின் மேல் ஏறி நின்றது. அங்கேதான் சிக்னல் கிடைக்கும். முயல் இளமாறன் அறுநூற்றுக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு வாங்கியிருந்தான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பூங்கோதைக்குக் கணக்கில் இருபத்திரண்டு. அவள் பாஸாகியிருந்தாலும் தோளில் தூக்க யாரும் முன்வந்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டு நாள் அவள் வளையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் அம்மா செண்பகவல்லி ஒரு கிழங்கை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சாப்பிடு. ஒரு பாடம்தானே போச்சு? மீதி அஞ்சும் இருக்கில்ல."

"அரசுப் பல்கலைக்கழகத்துல தாவரவியல் சேரணும்னு இருந்தேம்மா. பெயிலானவளை யாரு சேர்த்துப்பாங்க?"

"கேட்டுப் பார்த்தியா?"

"இல்ல."

"அப்புறம் அவங்க சொல்ல வேண்டிய பதிலை நீ ஏன் சொல்ற?"

காட்டில் வேறு கல்லூரி இல்லாமல் இல்லை. ஆற்றங்கரையில் ஒரு முதலை தனியார் கல்லூரி நடத்திவந்தது. அங்கே மதிப்பெண் கேட்க மாட்டார்கள். யார் வந்தாலும் வாயெல்லாம் பல்லாக வரவேற்பார்கள். சேர்ந்தவர்கள் பட்டத்தோடு வெளியே வந்ததை மட்டும் யாரும் பார்த்ததில்லை. ஆகவே பூங்கோதைக்கு அரசுப் பல்கலைக்கழகத்தை விட்டால் வேறு வழியில்லை.

கணக்குக்கு அடுத்த மாதம் துணைத் தேர்வு இருந்தது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அந்த வார வெள்ளிக்கிழமையே. அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆலமரப் பொந்தில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். நீண்ட வரிசை. அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் மட்டும் முண்டியடிக்கவில்லை.

சென்டரை நடத்தியது தங்கதுரை என்ற குரங்கு. படிவத்தைத் திறந்து அவள் பெயர், தலைப்பெழுத்து, வால் உண்டா, உண்டு எனில் அதன் நீளம் எல்லாவற்றையும் அடித்தது. மதிப்பெண் பக்கம் வந்ததும் தலையைச் சொறிந்தது.

"இருபத்திரண்டுன்னு அடிச்சா வெளியே தள்ளிடும் பாப்பா. முப்பத்தஞ்சுன்னு போட்டு விட்டுடவா?"

"பொய் வேண்டாம்ண்ணே."

"அப்ப இரு. கீழே இன்னொண்ணு இருக்கு. 'துணைத் தேர்வு முடிவு வரவில்லை.' இதை அழுத்தினா மார்க் கட்டமெல்லாம் காலியாயிடுது. ஏத்துக்குது பாரு."

"அது உண்மைதானே?"

"உண்மைதான். உண்மையை எழுதி ஒரு படிவம் உள்ளே போய் நான் பார்த்ததில்ல."

அந்த வருடம் அந்தக் கட்டத்தை அழுத்தியவள் பூங்கோதை ஒருத்திதான். பெயிலான மற்றவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு விண்ணப்பிக்கவே இல்லை.

பிறகு அவள் ஒரு மாதம் கணக்கோடு மல்லுக்கட்டினாள். அம்மா விளக்கைப் பிடித்தபடி எதிரே உட்கார்ந்து தூங்கி வழிந்தாள். தேர்வு எழுதி முடித்தாள். அதன் முடிவு வருவதற்குள் பல்கலைக்கழகத்தின் தரவரிசைப் பட்டியல் வந்துவிட்டது.

முதல் இடம்: பூங்கோதை. இரண்டாம் இடம்: இளமாறன்.

இளமாறன் காது இரண்டும் தொங்க அவளைத் தேடி வந்தான்.

"கணக்குல எவ்வளவு?"

"இன்னும் வரல."

"நாலு மார்க் விட்டதுக்கு எங்கப்பா என்னோட பேசறதே இல்ல. நீ எப்படி முதல்ல வந்த?"

"நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

அடுத்த வாரம் துணைத் தேர்வு முடிவு வந்தது. நாற்பத்தொன்று. பாஸ். அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. முள்ளம்பன்றிகளுக்கு அந்த வழக்கம் கிடையாது. ஆனால் செண்பகவல்லி அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.

பூங்கோதைக்குத்தான் மனசு உறுத்தியது. மதிப்பெண் சான்றிதழை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். சேர்க்கை அலுவலர் வேலாயுதம் ஒரு கரடி. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"சார், பட்டியல்ல ஏதோ தப்பு நடந்திருக்கு. நான் முதலிடம் இல்ல."

வேலாயுதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

"ஆமாம்மா. மார்க் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் அதைத் தூக்கி எல்லாருக்கும் மேல வெச்சிடுது போல."

"இந்த நாற்பத்தொண்ணைப் போட்டா என்னோட இடம் என்னவாகும்?"

"நாலாயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டு."

"சீட்டு எத்தனை?"

"நாற்பது."

பூங்கோதையின் முட்கள் எல்லாம் படுத்துவிட்டன. சான்றிதழை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு சொன்னாள்: "பரவாயில்ல சார். போடுங்க."

வேலாயுதம் அவளை நிமிர்ந்து பார்த்தார். இருபது வருட வேலையில் அப்படி யாரும் வந்து கேட்டதில்லை.

"போடறதுக்கு நான் யாரும்மா? திருத்தத்துக்குப் பதினாலாம் நம்பர் படிவம் நிரப்பணும். கூடவே, நீ முதலிடம் இல்லைன்னு ஒரு சான்றிதழ் இணைக்கணும்."

"அதை யாரு குடுப்பா?"

"நான்தான். ஆனா நீ முதலிடம்னு ஏற்கெனவே நான் கையெழுத்துப் போட்டாச்சு. என் கையெழுத்து தப்புன்னு நானே எப்படிச் சொல்றது? சிங்கத்தோட தலைமை அலுவலகத்துக்கு எழுதணும்."

"பதில் வர எவ்வளவு நாளாகும்?"

"மூணு வருஷம்."

"பட்டப்படிப்பு எத்தனை வருஷம் சார்?"

"மூணு வருஷம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலாயுதம் தொண்டையைச் செருமினார்.

"நீ படிவத்தைக் குடுத்துட்டுப் போ. முறைப்படி பரிசீலிப்போம். அதுவரைக்கும் சும்மா இருக்காதே, வகுப்புக்குப் போயிட்டிரு."

பூங்கோதை வகுப்புக்குப் போனாள். செய்முறைத் தேர்வில் பேராசிரியருக்கே பெயர் தெரியாத நான்கு கிழங்குகளைத் தோண்டிக் கொண்டுவந்து காட்டினாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் விஷயம் காடெல்லாம் பரவிவிட்டது. மறு வருடம் தங்கதுரை தன் சென்டரோடு சேர்த்து ஒரு டுடோரியலும் ஆரம்பித்தது. வாசலில் பலகை தொங்கியது: 'இங்கு ஒரே ஒரு பாடத்தில் மட்டும் பெயிலாகப் பயிற்சி அளிக்கப்படும்.' பெற்றோர்கள் விடியற்காலையிலேயே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். இளமாறனின் தம்பியும் அங்கே சேர்ந்தான். கெட்டிக்காரப் பிள்ளை. பத்து மாதம் ராப்பகலாகத் தப்புத் தப்பாகப் போட்டுப் பழகினான். ஆனால் தேர்வு அறையில் பதற்றத்தில் கை தானாக ஓடி, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டான். அவன் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை.

நீதி: மதிப்பெண் குறைந்தவருக்குக் கடைசி இடம், மதிப்பெண்ணே இல்லாதவருக்கு முதல் இடம். ஆகவே குழந்தைகளே, எதையும் அரைகுறையாகச் செய்யாதீர்கள்.