நொங்கால் வந்த அம்மை

பார்க்கிறவர்கள் முகம் சுளிக்க வேண்டும் என்பதற்காகவே ஆறு மாதம் பாடுபட்டவன் நான். சுளித்தார்கள். ஆனால் முதலில் சுளித்தவர் என் மாமனாராக வரவிருந்தவர். அதுவும் நிச்சயதார்த்தத்துக்கு ஐந்தே நாள் இருக்கும்போது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் வேதியியல் வாத்தியார். வாரநாளில் பிள்ளைகளுக்கு அமிலம், காரம், ஞாயிற்றுக்கிழமையானால் படம். கையில் காசில்லாதவர்கள் சொந்தமாக எடுக்கும் கோரப் படங்கள் இருக்கின்றனவே, ஆராய்ச்சி தப்பாகப் போய் மனுஷ உடம்பே உருமாறுகிற கதைகள், அவற்றை இணையத்தில் தேடித் தேடிப் பார்த்துக் கெட்டுப்போயிருந்தேன். நாமும் ஒன்று எடுத்தால் என்ன என்று தோன்றியது. (கெட்ட நேரம் வந்தால் இப்படித்தான் தோன்றும்.)

கதை இதுதான். தாமிரபரணி வற்றிப்போன காலத்தில், தாகமே எடுக்காத மனிதனை உருவாக்க நினைக்கும் ஒரு விஞ்ஞானி பனஞ்சாற்றைத் தன் ரத்தத்தில் ஏற்றிக்கொள்கிறான். தாகம் நின்றுவிடுகிறது. ஆனால் உடம்பெல்லாம் நொங்கு காய்க்க ஆரம்பிக்கிறது. படத்தின் பெயர் ‘ரத்தப் பதநீர்’. எழுத்து, இயக்கம், விஞ்ஞானி எல்லாம் நானே. (வேறு யாரும் சம்மதிக்கவில்லை.) ஒளிப்பதிவும் ஒப்பனையும் என் சேக்காளி இசக்கி. கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பவன். ரப்பர் கொப்புளம் வாங்க வக்கில்லாததால் சாத்தான்குளம் போய் அசல் இளநொங்கையே குலையோடு கொண்டுவந்துவிட்டான். தோலை உரித்து, நாடகக்காரர்கள் மீசை ஒட்டுகிற பசையால் ஒட்டினால், சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளே நீர் தளும்பும் கொப்புளமேதான். ஊசியால் குத்தினால் பீச்சியடிக்கும். அதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

இதற்கு நடுவில் முக்கூடலில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெயர் உமா. பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பிடித்துப்போயிற்று. அவளுடைய அப்பா வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நேரில் போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை என்று பெயர் எடுத்த மனுஷர். பெண் பார்க்கப் போன அன்று என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“மாப்ளைக்கு சினிமாக் கிறுக்கு ஏதும் உண்டுமா? எங்க பங்காளி ஒருத்தன் அதுல விழுந்துதான் இருந்த வீட்டையும் தொலைச்சான்.”

“சேச்சே” என்றேன்.

ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று முடிவானது. அதைத் தவறவிட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடி முடிந்ததும் முந்திக்கொள்ள பெங்களூர் மாப்பிள்ளை ஒருவன் தயாராக இருந்தான்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்ணார்பேட்டையில் ஒரு மாடி அறையில் உச்சக்கட்டக் காட்சி எடுத்தோம். கழுத்து, கன்னம், கை என்று முப்பது நொங்கு ஒட்டியிருந்தது. நான் தரையில் கிடந்து துடிக்க வேண்டும். துடித்தேன். இசக்கி கேமராவுக்குப் பின்னாலிருந்து கண் கலங்கிவிட்டான்.

“ஏலே, பிச்சு ஒதறுத! அப்படியே கெட!”

அவன் நடிப்பு என்று நினைத்தது கட்டெறும்பு. நொங்கின் இனிப்புக்குச் சுவர் இடுக்கிலிருந்து படை திரண்டு வந்திருந்தது. “தண்ணி! தண்ணி!” என்று அலறிக்கொண்டு மாடிப்படி இறங்கித் தெருவுக்கே ஓடினேன். எதிர்ப்புறம் டீக்கடை வாசலில் ஒரு குழாய். குழாயடியில், நிச்சயத்துக்கு வாங்கிய ஜவுளிப் பையோடு, உமாவின் அப்பா.

“மாப்ளை?” என்று முகம் சுளித்தார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ‘சினிமா’ என்ற சொல் தொண்டைவரைக்கும் வந்தது. வாயிலிருந்து விழுந்ததோ வேறு.

“அம்மை போட்டிருக்கு மாமா.”

நம் பக்கத்தில் அம்மை என்றால் வெறும் நோயா? அம்மனே உடம்பில் வந்து இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். கொப்புளத்தைக்கூட முத்து என்றுதான் சொல்ல வேண்டும். மாமா செருப்பைக் கழற்றினார். நட்டநடு ரோட்டில், டவுன் பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“தாயே, கோவிச்சுக்கிடாத. எங்க மாப்ளைய விட்டுப் பைய எறங்கிரு.”

டீக்கடை அண்ணாச்சியும் பாய்லரை விட்டுவிட்டு வந்து கும்பிட்டார். எறும்போ கடிப்பதை நிறுத்தவில்லை. ஆசீர்வதிப்பதா ஓடுவதா என்று தெரியாமல் நெளிந்தேன். அதை அருள் வந்ததாக எடுத்துக்கொண்டு இன்னும் நாலு பேர் கும்பிட்டார்கள்.

எறும்பைக் குழாயடியில் கழுவிவிட்டு நான் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் மாமாவின் போன் போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் வேப்பங்குலை தொங்கியது. அம்மா என்னை வேப்பிலை பரப்பிய பாயில் படுக்க வைத்தாள். அடுக்களையில் தாளிப்பு நின்றது. பொய்யைக் காப்பாற்ற நொங்கைப் பிய்க்காமலே கிடந்தேன். மறுநாள் காலையில் நொங்கெல்லாம் சுருங்கிப் புளித்து ஒவ்வொன்றாகப் பாயில் உதிர்ந்தபோது, அம்மா ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள்.

“ஏலே, இது நொங்குல்லா?”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதே வேப்பங்குலையை எடுத்து நாலு சாத்து சாத்தினாள். “சாமி பேரச் சொல்லியால பொய் சொன்ன? இப்பமே அவுகளுக்குப் போனப் போட்டு உள்ளதச் சொல்லுத. கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும்.”

போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமா சொன்னார்.

“மாப்ளை, நான் கும்பிட்டேனே ஒழிய மனசு ஒப்பல. அம்மை முத்து அம்புட்டுப் பெருசாவா வரும்? ஏதோ தீராத சீக்கு, நம்மகிட்ட மறைக்காவன்னு நெனச்சேன். ஒறக்கமே இல்ல. பெங்களூர்க்காரங்களுக்குத் தாக்கல் சொல்லலாம்னு இப்பந்தான் போனக் கையில எடுத்தேன்.”

“சீக்கு இல்ல மாமா. சினிமாதான்.”

“நீங்க சொன்னா ஆச்சா? படத்தக் கொண்டாங்க. நான் நேர்ல பாக்கணும்.”

இப்படியாக ‘ரத்தப் பதநீர்’ படத்தின் முதல் காட்சி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், முக்கூடலில் உமா வீட்டுக் கூடத்து டிவியில் நடந்தது. எடுத்தவரைக்கும் இசக்கி வெட்டி ஒட்டிக் கொடுத்திருந்தான். மாமா, அத்தை, சித்தப்பா, சித்தி என்று பதினைந்து பேர் முறுக்கும் காப்பியுமாக உட்கார்ந்திருந்தார்கள். உலகத்தில் எந்த டைரக்டரும் வேண்டாத வேண்டுதலை நான் வேண்டிக்கொண்டேன்: ஒருத்தரும் பயந்துவிடக் கூடாது. கொப்புளம் நிஜம்போலத் தெரிந்தால் எனக்கு உமா இல்லை.

முதல் கொப்புளம் வந்தது. முறுக்குக் கடிக்கிற சத்தம் நின்றது. இரண்டாவது கொப்புளம். அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். மாமாவின் புருவம் ஏறியது. பாவி, ஆறு மாத உழைப்பு பலித்துத் தொலைக்கிறதே என்று எனக்கு வேர்த்துக் கொட்டியது.

அப்போது அடுக்களை வாசலிலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. உமா.

“எப்பா, நொங்கு வழுக்கிக்கிட்டுப் போவுது பாருங்க!”

சித்தி சிரித்தாள். சித்தப்பாவுக்குக் காப்பி புரையேறியது. பிறகு கூடமே சிரித்தது. மாமா மட்டும் படத்தை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டிவியிடம் போய்த் திரையில் விரலை வைத்தார்.

“இந்தா, இங்கன கட்டெறும்பு ஊருது.” திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். “அப்பாடா! வெறும் கிறுக்குதான். இதப் பொறுத்துக்கிடலாம்.”

ஒரு படைப்பாளியாக எனக்கு அதைவிட அவமானம் வேறு கிடையாது. ஆனால் எனக்கு அழுகை வந்தது சந்தோஷத்தில்தான். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வெள்ளிக்கிழமை நிச்சயம் நடந்தது.

இப்போதும் என் முகத்தில் ஒரு பரு வந்துவிட்டால் போதும், மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து, “அசலா, படமா?” என்று கேட்பார். விசேஷ வீடு என்றால் பந்தியே சிரிக்கும். நானும் சிரித்துவிடுவேன்.

கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்துத்தான் உமா ஒன்றைச் சொன்னாள். “அன்னைக்கு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. நிசம் மாதிரியேதான் இருந்துச்சு. அப்பா மொகம் போன போக்கப் பாத்தேன். யாராவது சிரிக்காட்டா எல்லாம் கெட்டுப்போவும்னு தோணிச்சு. அதான் சிரிச்சேன்.”

என் படத்துக்கு வந்த ஒரே நல்ல விமர்சனம் அது. மாமாவிடம் அதை நாங்கள் இன்னும் சொல்லவில்லை.