நாலு வருடமாக அஞ்சாம் வகுப்பு

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் பொய் சொல்லவே தெரியாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் என்னிடம் மட்டும் நாலு வருடம் விடாமல் பொய் சொன்னார்.

அவர் எங்கள் பக்கத்துச் சர்வேயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸ் ரெக்கார்டில் இருந்திருக்கும். ஊருக்கு அவர் ‘அங்குலம் சார்’. நிலத்தை அளந்து கல் ஊன்றிவிட்டால் யார் வந்து கேட்டாலும் ஓர் அங்குலம் தள்ளி ஊன்ற மாட்டார் என்பதால் வந்த பெயர். ஆறடி உயரம், வெயிலில் வெந்த முகம், சிரிப்பு வெளியே வராமல் காவல் காக்கிற மாதிரி ஒரு மீசை. குடும்பம் கூத்தாநல்லூரில். இங்கே தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். சனிக்கிழமை ஆனால் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்.

அளக்கப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்பார்கள். ஒரு தடவை யாரோ மிகவும் வற்புறுத்தியிருக்கிறார்கள்.

“ஒரு டீயாவது சாப்பிடுங்க சார்.”

“யார் வீட்டு டீ?”

“எங்க வீட்டு டீதாங்க.”

“எதிர்பார்ட்டி வீட்டுலேர்ந்தும் ஒண்ணு வரச் சொல்லுங்க.”

இரண்டு டம்ளரும் வந்தன. இரண்டிலும் சரிபாதி குடித்துவிட்டு, மீதியை அளவு பார்த்து வைத்துவிட்டு எழுந்தாராம்.

சந்தானம் என்று ஒரு பெரிய மிராசு. அவருடைய வயலின் எல்லைக்கல்லுக்கு மட்டும் கால் முளைத்திருந்தது. ஒவ்வொரு நடவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பக்கத்து வயலுக்குள் நாலடி போய் உட்கார்ந்திருந்தது. அங்குலம் சார் புலப்படத்தை விரித்து, அளவுச் செயினைப் பிடித்து, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கல்லைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து நட்டார். அன்றிலிருந்து சந்தானம், இந்த ஆள் எங்கேயாவது வழுக்கி விழ மாட்டாரா என்று காத்துக்கொண்டிருந்தார். அளவு தப்பு என்று மேலே மனுவும் போட்டிருந்தார்.

நான் அப்போது அந்த ஊர்க் கிளை நூலகத்தில் நூலகர்; வீடு பாபநாசத்தில். இப்போதும் அதே நாற்காலிதான். ஒரு ஹால், ஏழு ரேக், ஒரு ஃபேன். அந்த ஃபேனுக்குக் கீழே பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள் பதினோரு பேர். சிறுவர் நூல்களுக்கென்று மூலையில் ஒரு ரேக் உண்டு. பிள்ளைகள் எல்லாம் செல்போனில் இருந்ததால் அதில் ஒட்டடைதான் குடியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்குலம் சார் உள்ளே வந்தார். நேராக அந்த மூலைக்குப் போனார். பானைக்குள் ஓர் ஆற்றை ஊற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு, அதற்கு ஓர் ஊர் தேடி நடக்கிற பெண்ணின் கதை ஒன்று அங்கே இருந்தது. முந்நூறு பக்கம், அட்டையில் நீல நிறத்தில் ஒரு பூதம். அதை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“பாப்பாவுக்கா சார்?” என்று கேட்டேன்.

மீசை லேசாக ஆடியது. “ம்” என்றார்.

“என்ன படிக்குது?”

“அஞ்சாவது.”

“பேரு?”

அரை நிமிடம் மேலே ஃபேனைப் பார்த்துவிட்டு, “ரிஸ்வானா” என்றார். பிள்ளை பெயரை யோசிக்கிற அப்பா உலகத்தில் உண்டா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. படிக்கிற பிள்ளை ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் நானே படிவம் எடுத்து, நானே நிரப்பி, கார்டையும் போட்டுக் கையில் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் புத்தகம் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் அந்தக் கற்பனை ராஜ்யத்துக்கு ஒரு வரைபடம் உண்டு. அதில் பென்சிலால் வடக்குக் குறி போட்டிருந்தது. ஓரத்தில் பொடி எழுத்தில், ‘இவ்விடத்தில் ஆறு மேட்டில் ஏறுகிறது. மந்திரமா, பிழையா? தெளிவுபடுத்தவும்’ என்று ஒரு குறிப்பு.

“பாப்பா பெரிய புத்திசாலி போலிருக்கே சார்?”

“நான்தான் கொஞ்சம் சொல்லிக் குடுத்தேன்” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அன்றே ஒரு துண்டுச் சீட்டில், ‘ரிஸ்வானா, அது மந்திரம்தான் என்று நினைக்கிறேன். புத்தகத்தில் பென்சிலால் எழுதக் கூடாது. அன்புடன், நூலக அத்தை’ என்று எழுதி அடுத்த புத்தகத்துக்குள் வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோணல்மாணலான எழுத்தில் பதில் வந்தது. ‘சரி அத்தை. இனி எழுத மாட்டேன். மந்திரம் என்றால் அதற்கும் ஒரு கணக்கு வேண்டாமா அத்தை?’

இப்படித்தான் எங்களுக்குள் கடிதப் போக்குவரத்து ஆரம்பித்தது. பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று நானும் அந்தப் புத்தகங்களைப் படிக்க வேண்டியதாகிவிட்டது. நாற்பத்தாறு வயதில், சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, பேசும் ஆந்தைகளும் நிழல் திருடும் சூனியக்காரியும்! முதலில் கடமைக்காகத்தான் படித்தேன். ஒருநாள் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், சூனியக்காரி ஒரு குழந்தையின் நிழலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுகிற இடம். கண்டக்டர் தோளைத் தொட்டார்.

“மேடம், நீங்க பாபநாசம்தானே?”

“ஆமாம். வந்துருச்சா?”

“வந்து போயிருச்சுங்க. இது அய்யம்பேட்டை.”

இறங்கி எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோதும் புத்தகத்தை மூடவில்லை. நிழல் கிடைத்ததா இல்லையா என்று தெரிய வேண்டாமா? பெரியவர்கள் நாவலில் நான் இப்படி ஊர் தாண்டியதே இல்லை.

இடையில் ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. ஜூன் மாதம் ஆனால் கார்டைப் புதுப்பிக்க வேண்டும்.

“பாப்பா இப்ப எந்த கிளாஸ் சார்?”

“அஞ்சாவது.”

மறு வருடமும் அஞ்சாவது. அதற்கு மறு வருடமும் அஞ்சாவது. பாவம், வாசிப்பில் இவ்வளவு கெட்டியான பிள்ளை பரீட்சையில் ஏன் இப்படித் தடுக்குகிறது என்று நான் உள்ளூர வருந்தினேன். “நல்ல டியூஷனா வைங்க சார்” என்று புத்திமதிகூடச் சொன்னேன். அவர் பணிவாகத் தலையாட்டினார். அடுத்த வாரச் சீட்டில், ‘டியூஷன் வேண்டாம் அத்தை, நன்றாகப் படிக்கிறேன்’ என்று இருந்தது.

நாலாவது வருடம் ஒரு சீட்டு வந்தது. மற்றவற்றைவிடச் சின்னது. ‘அத்தை, பெரியவங்க ஆனதும் இந்தக் கதையெல்லாம் படிக்கக் கூடாதா? சிரிப்பாங்களா?’

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எந்த மடையன் பிள்ளையிடம் இப்படிச் சொல்லியிருக்கிறான்? அப்பனாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்: ‘யார் சிரித்தாலும் அவர்களை என்னிடம் அனுப்பு. பிடித்ததைப் படிக்க வயது எதற்கு? அத்தையும் படிக்கிறேன். தைரியமாகச் சொல்.’

அந்த நவம்பரில் நூலக வார விழா. சிறந்த குழந்தை வாசகருக்கு அந்த வருடம்தான் முதல் தடவையாகப் பரிசு கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ரெஜிஸ்டரைப் புரட்டினேன். போட்டியே இல்லை. ரிஸ்வானா பெயரை எழுதி மேலே அனுப்பிவிட்டு, அங்குலம் சாரிடம் சொன்னேன். செயினைப் பிடித்துக்கொண்டு சேற்றில் புதைந்தவர் மாதிரி நின்றார்.

“பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கு மேடம்.”

“விழாவுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு சார். இறங்கிடும்.”

“கால்ல சுளுக்கு வேற.”

“அம்மையோடவா? பரவால்ல, தூக்கிட்டு வாங்க.”

“ரொம்பக் கூச்சப்படும் மேடம்.”

“அப்ப ஒண்ணு பண்ணுவோம். மாவட்டத்துலேர்ந்து அதிகாரி வேன்லதான் வர்றாங்க. விழா முடிஞ்சதும் எல்லாருமா கூத்தாநல்லூருக்கே வந்து குடுத்துடுறோம்.”

அவர் குடையை மறந்து வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டார்.

விழா அன்றும் மழை. ஹால் நிறைந்திருந்தது. பதினோரு பெரியவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், முன்வரிசையில் புரவலர் என்ற முறையில் சந்தானம். அங்குலம் சார் தனியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரிஸ்வானாவுக்கென்று தனியாக ஒரு புத்தகம் வாங்கி, காகிதம் சுற்றி, என் மேஜை டிராயரில் வைத்திருந்தேன்.

பெயரை அழைத்தார்கள். அங்குலம் சார் எழுந்து வந்தார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிப் பரிசை வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். அளவுல தப்பு இருந்தா ஒத்துக்கணும். எனக்குப் பொண்ணு இல்லைங்க. ரெண்டு பசங்க. ஒருத்தன் துபாய், ஒருத்தன் சென்னை. அந்தப் புஸ்தகமெல்லாம் படிச்சது நான்தான்.”

மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

“முத நாளு மேடம் ‘பாப்பாவுக்கா’ன்னு கேட்டாங்க. வெக்கத்துல ‘ம்’ன்னுட்டேன். பேரும் வகுப்பும் சொன்னது மட்டும்தான் நான். மத்ததெல்லாம் மேடமே எழுதிக்கிட்டாங்க. பகலெல்லாம் பங்காளிச் சண்டை பாக்குறேன். பெரியவங்க நாவல்லயும் அதே சண்டைதான் வருது. இந்தக் கதையில ஒரு பொண்ணு பானையில ஆத்தைத் தூக்கிட்டுப் போவுது. அது ஜெயிக்கணும்னு எனக்கு அழுகையே வந்துருச்சு. ஐம்பத்திரண்டு வயசு எனக்கு.”

முன்வரிசையிலிருந்து சந்தானம் எழுந்தார். நாலு வருடம் காத்திருந்த ஆள் அவர். குரலில் அல்வாவே இனித்தது.

“கேட்டுக்குங்க ஜனங்களே! பூதக் கதையைப் படிச்சு அழுவுற ஆளு அளந்த அளவை எப்படிங்க நம்புறது? இதையும் நான் மனுவுல சேத்து எழுதுறேன்.”

அந்த மனிதருக்கு இருந்த ஒரே சொத்து அவருடைய சொல்தான். அது எங்கள் ஹாலில், என் பரிசினால் போகப்போகிறதே என்று நினைத்தேன்.

அங்குலம் சார் அவரை நிதானமாகப் பார்த்தார்.

“தாராளமா எழுதுங்க. நானும் இதுவரைக்கும் நூத்தி எண்பது பூதக் கதை படிச்சிருக்கேன். மரம் நடக்குது, மலை பேசுது, ஆறு மேட்டுல ஏறுது. ஆனா எந்தக் கதையிலயும் எல்லைக்கல்லு தானா நகரலைங்க. அது உங்க வயல்ல மட்டுந்தான் நடந்திருக்கு.”

கூரை போகிற மாதிரி சிரித்தார்கள். பேப்பருக்குள் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர்கள்கூட எழுந்து கை தட்டினார்கள். மாவட்ட அதிகாரி முகத்தைக் கைக்குட்டைக்குள் ஒளித்துக்கொண்டார். சந்தானம் செருப்பைத் தேடினார். மனு என்ன ஆனது என்றால், மேலதிகாரிகள் வந்து மறுபடி அளந்தார்கள். கல் ஓர் அங்குலம்கூடத் தப்பவில்லை.

சிரிப்பு அடங்கும்போது நான் சிரிக்கவில்லை. இல்லாத ஒரு பிள்ளைக்காக இன்னும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை சீட்டு எழுதியிருக்கிறேன்! அங்குலம் சார் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். என் கையெழுத்து. ‘தைரியமாகச் சொல்.’

“நீங்க சொன்னீங்கன்னுதான் சொன்னேன் மேடம். மன்னிச்சுக்குங்க. அந்தக் கார்டைக் கேன்சல் பண்ணிடுங்க. பெரியவங்க கார்டே போட்டுக்கிறேன்.”

“கார்டைக் கேன்சல் பண்ணிட்டா நான் யாருக்கு சார் சீட்டு எழுதுறது?” என்றேன். டிராயரைத் திறந்து காகிதம் சுற்றிய புத்தகத்தைக் கையில் வைத்தேன். அங்கேயே நின்று பிரித்து, முதல் வேலையாக வரைபடத்தில் வடக்கு எது என்று பார்த்தார்.

அதற்கப்புறம் அந்த ஊரில் திடீரென்று எத்தனை பேருக்கு அஞ்சாம் வகுப்பில் பிள்ளைகள்! உரக்கடைக்காரர் “பையனுக்கு” என்று பறக்கும் ஆட்டுக் கதையை எடுத்துக்கொண்டு போனார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. பேப்பர் படிக்கிற பெரியவர்களில் நாலு பேர் மூலை ரேக்குக்கு இடம் மாறிவிட்டார்கள். நான் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. கேட்ட பாவம் ஒரு தடவை போதும்.

அங்குலம் சார் ரிட்டயர் ஆகி ஊரோடு போய்விட்டார். ஆனாலும் மாதம் ஒரு தடவை கூத்தாநல்லூரிலிருந்து பஸ் மாறி மாறி, ஒரு பை புத்தகத்தோடு வந்துவிடுகிறார். அங்கே நூலகம் இல்லையா என்று கேட்டால், அங்கே யாரும் புத்தகத்துக்குள் சீட்டு வைப்பதில்லை என்கிறார். போன ஜூனில் கார்டைப் புதுப்பிக்க வந்தார். மீசை முழுக்க வெளுத்திருந்தது. நான் பேனாவைத் திறந்துகொண்டு வழக்கம்போலக் கேட்டேன்.

“பாப்பா எந்த கிளாஸ் சார்?”

“அஞ்சாவதுதான் மேடம்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “அத்தை எந்த கிளாஸாம்?” என்று கேட்டார்.

“அத்தையும் அஞ்சாவதுதான் சார்” என்றேன். “ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு.”