ஒரு விசில் ஊதினால் ஓட வேண்டும்

மலை ரோட்டில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும். பெருமாள்மலையில் லாரி ஓட்டுகிற எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் மேலே இருந்து பழி இறங்கி வந்தால் மட்டும் எல்லாரும் ஓரமாக ஒதுங்கி நின்று, "போங்க, போங்க" என்று கீழே அனுப்பிவிடுவார்கள். கடைசியில் அது எவன் காலடியில் வந்து நிற்கிறதோ அவன்தான் குற்றவாளி. ஒருநாள் என் காலடியில் வந்து நின்றது. எட்டாம் வகுப்பு படித்தவன் எழுதுகிறேன், பிள்ளைகளா. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

எழுபதுகளின் நடுவில் எங்கள் கொடைக்கானல் மலையில் ஒரு தொண்டர் படை இருந்தது. சண்டையோ, வெள்ளமோ, தீயோ, எது வந்தாலும் ராணுவத்துக்குக் கைகொடுக்க வேண்டும். சம்பளம் கிடையாது. காக்கி உடுப்பும் தொப்பியும் உண்டு. (பூட்ஸும் உண்டு. உள்ளே என் கால் தனியாக நடக்கும், பூட்ஸ் தனியாக நடக்கும்.) எங்கள் ஊரான பூண்டியில் பூண்டும் கேரட்டும் போடுகிற நாங்கள் ஒரு டஜன் பேர் சேர்ந்தோம். எனக்குக் குரல் பெரிது என்பதால் செக்‌ஷன் லீடர் ஆக்கி, சட்டைத் தோளில் ஒரு பட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டையோடுதான் கல்யாண போட்டோவுக்கே நின்றேன். (அதில் உங்கள் அம்மா முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பீர்களே, இதுதான் காரணம்.)

கமாண்டர், பெருமாள்மலையில் பூண்டு மண்டி வைத்திருந்தவர். ஜீப் அவரிடம்தான் இருந்தது, அதனால் அவர் கமாண்டர். அவர் வகுத்த சட்டம் ஒன்றே ஒன்று. தம் கழுத்தில் தொங்கும் விசிலை ஒரு தரம் ஊதினால் ஓட வேண்டும். இரண்டு தரம் ஊதினால் நிற்க வேண்டும். நடுவில் எவனும் யோசிக்கக் கூடாது.

கீழேயிருந்து ஒரு ராணுவ அதிகாரி எங்களைப் பார்வையிடப் பூண்டிக்கு வந்தார். தீயணைக்கும் ஒத்திகை காட்ட ஏற்பாடு. அதற்காகக் குவித்து வைத்த சருகு பனியில் ஊறிப்போய், தீப்பெட்டி தீப்பெட்டியாகக் கிழித்தும் பற்றவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கமாண்டருக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. அந்த நேரம் பார்த்து, மேட்டில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்து புகை கிளம்பியது.

"அதுதானா தீ?" என்றார் அதிகாரி.

"எஸ் சார்!" என்றார் கமாண்டர். விசிலை ஒரு தரம் ஊதினார்.

பிள்ளைகளா, நன்றாகக் கேளுங்கள். அது பூண்டுக்குப் புகை போடுகிற கொட்டகை. அறுத்த பூண்டைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு, அடியில் மூட்டம் போட்டால்தான் அடுத்த விதைப்பு வரை கெடாது. இது எனக்குத் தெரியும். வாளியோடு ஓடிய எல்லாருக்கும் தெரியும். பூண்டு விற்றே ஜீப் வாங்கிய கமாண்டருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அது என் மாமியாரின் கொட்டகை என்பதுகூட எனக்குத் தெரியும்!

"ஏலே, அது ஒன் மாமியா கொட்டகைடா," என்றான் பக்கத்தில் ஓடிய சின்னச்சாமி.

"விசில் ஊதிட்டாருல்ல? வெரசா வாடா!" என்றேன். தோளில் இருந்த பட்டை அப்படிப் பேச வைத்தது.

ஓடையில் இருந்து மேடு வரை வரிசை கட்டி, வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றினோம். கூரைத் தகரத்தை நெம்பி, முதல் வாளியை நான்தான் ஊற்றினேன். எங்கள் படை அவ்வளவு ஒழுங்காக வேலை செய்தது அதற்கு முன்பும் இல்லை, பிறகும் இல்லை. உள்ளேயிருந்து என் மாமியார் முகமெல்லாம் சாம்பலாக ஓடி வந்தார்.

"நிறுத்துங்கடா! வெதப் பூண்டுடா அது!"

நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு விசில் வேண்டும். கமாண்டரோ கீழே அதிகாரிக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். ஆகவே நாங்களும் ஊற்றினோம்.

அத்தை என்னைக் கண்டுகொண்டார். மாப்பிள்ளையை நேராக ஏசுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அதனால் என் கையில் இருந்த வாளியிடம் பேசினார். "ஏ வாளி, மாப்ளைக்கு இங்க என்ன சோலி? மூட்டப் பொகைக்கும் தீப்புடிச்ச பொகைக்கும் மாப்ளைக்கு வித்தியாசம் தெரியாதாமா?"

வாளி பதில் சொல்லவில்லை. நான் அடுத்த வாளிக்குக் கை நீட்டினேன்.

அதிகாரி கமாண்டரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். பாராட்டு ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டது. கீழே இறங்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு, பூண்டி மைதானத்தில் பரேடு. அத்தை ஒரு சாக்கைக் கொண்டுவந்து கமாண்டர் முன்னால் கவிழ்த்தார். நனைந்து, கறுத்து, நாறிப்போன பூண்டு.

"அடுத்த வெதைப்புக்கு எங்கிட்ட இருந்தது இம்புட்டுத்தாங்க. யாரு சொல்லி ஊத்துனாங்க? அத மட்டும் சொல்லுங்க, போயிர்றேன்."

கமாண்டர் திரும்பித் துணைக் கமாண்டர் டேவிட் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தொண்டையைச் செருமினார். "எடத்துல முடிவு எடுக்கிறது செக்‌ஷன் லீடர் ட்யூட்டிங்க."

"ஆமா," என்றார் கமாண்டர். "இவன்தான் ஆர்டர் இல்லாம ஓடுனான். மன்னிப்புக் கேக்கட்டும்."

எனக்குக் கீழேயும் ஆள் இருந்தார்கள். சின்னச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பேரைச் சொன்னால் போதும், பழி இன்னும் ஒரு படி இறங்கிவிடும். நாக்கு நுனி வரை வந்தது. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊத்துனது நான்தாங்க," என்றேன். "அத்தைக்கு நான் பதில் சொல்றேன். ஆனா விசில் எங்கழுத்துல இல்லைங்க, ஒங்க கழுத்துல தொங்குது. நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் சேந்தே சொல்லுவோம்."

"எதுத்தா பேசுற? உடுப்பக் கழட்டி வச்சிட்டுப் போடா!"

வீட்டுக்குப் போய்க் கழற்றி, துவைத்துக் கொடுத்து அனுப்பு என்றுதான் அர்த்தம். எனக்கு இருந்த ஆத்திரத்தில் அங்கேயே கழற்றினேன். தொப்பி, பெல்ட், சட்டை, பூட்ஸ், பேண்ட். தோளில் இருந்த ஒரு பட்டை போயிற்று. டிராயரில் இருந்த பட்டைகள்தான் மிச்சம். கை வீசி, லெப்ட் ரைட் போட்டு, மைதானத்தை விட்டு வெளியே நடந்தேன். அப்போதுதானா கொடைக்கானல் பஸ் வந்து நிற்க வேண்டும்? இறங்க வேண்டியவர்கள்கூட இறங்காமல் பார்த்தார்கள்.

படை என் பின்னால் திரண்டு வந்தது என்று எழுத ஆசைதான். ஒருத்தனும் வரவில்லை. அத்தை மட்டும் வந்தார். பூண்டு கொட்டிய காலிச் சாக்கை என் தோளில் போர்த்திவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நிமுந்து நடங்க மாப்ளே."

என் விதைப் பூண்டில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். அந்த வருஷம் இரண்டு பேர் நிலத்திலும் பாதி சும்மா கிடந்தது. கமாண்டர் கடைசி வரை கமாண்டராகவே இருந்தார். அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. டிராயரோடு நடந்ததற்கும் இல்லை. முதல் வாளிக்கு மட்டும்தான் வருத்தம்.

ஆனால் நம் வீட்டுக் குக்கர் என்னை விடுவதாக இல்லை. அது ஒரு தரம் விசில் அடித்ததும் உங்கள் அம்மா அடுப்படியில் இருந்து கத்துவாள்: "ஏங்க, ஓடிராதீங்க! அது சோறு!"

நீங்கள் எல்லாரும் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன். ஊதினது யாரென்று தெரிந்த பிறகுதான் எழுந்திருப்பேன்.