பூமிக்கடியில் பயணம் செய்யத் தகுதியுடையோர்

பெரிய நகரங்களில் பூமிக்கடியில் ரயில் ஓடுகிறது. எங்கள் பக்கம் பூமிக்கடியில் நானூறு அடிக்குப் போர் போட்டாலும் தண்ணீர்கூட ஓடுவதில்லை. அதற்காகப் பொதுமக்களை அப்படியே விட்டுவிட முடியாது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆபீஸ் முடிவு செய்தது. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அங்கே இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

நான் போனது என் மகளுக்குப் பெயர் வாங்க. வீட்டில் அவள் கார்த்திகாதான். பிறப்புச் சான்றிதழில் மட்டும் ‘பெண் குழந்தை’. பெயர் ஏறிய சான்றிதழைத் திங்கட்கிழமைக்குள் கொண்டுவராவிட்டால் இந்த வருசம் சேர்க்க முடியாது என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லிவிட்டார். வன்னியம்பட்டியில் இருந்து மூன்று தடவை பஸ் ஏறிப் போனேன். மூன்று தடவையும் தூணோரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். ஆபீசருக்கு முன்னால் எனக்குக் குரல் வருவதில்லை. நாலாவது தடவை சமுத்திரம் சாரே பார்த்துவிட்டார். கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

“என்னம்மா வேணும்?”

“பிள்ளைக்குப் பேரு சார்.”

“பயிற்சி எடுத்தாச்சா?”

“என்ன பயிற்சி சார்?”

“சுரங்க ரயில்ல போறதுக்கு.”

“நான் மதுரையத் தாண்டி எங்கயும் போனதில்ல சார்.”

“அதான் பயிற்சி. போனவங்களுக்கு எதுக்கு?”

மேலிடத்தில் இருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. சுரங்க ரயிலில் பயணம் செய்வது குறித்து இருநூறு பேருக்கு விழிப்புணர்வு ஊட்டி அறிக்கை அனுப்ப வேண்டும். மாநகரத்து ஆபீஸ்களுக்குப் போக வேண்டிய தபால் தவறி இங்கே வந்துவிட்டது என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். ஆனால் வந்த சுற்றறிக்கையை நிறைவேற்ற அங்கே ஃபைல் உண்டு. திருப்பி அனுப்ப ஃபைல் கிடையாது. ஆகவே, என்ன வேலையாக வந்தாலும் முதலில் பயிற்சி என்று ஆனது.

என்னோடு அன்றைக்கு முப்பது பேர். ராஜபாளையத்தில் இருந்து பட்டாளத்து பென்சன் விசயமாக வந்த காசிராஜன் ஐயா ஒருவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பால்கோவாக் கடை லைசென்சுக்காக வந்த மாரீஸ்வரி அக்கா ஒருவர். காசிராஜன் ஐயா டெல்லியில் ஆறு வருசம் அந்த ரயிலில் போய்வந்தவராம்.

“நான் வேணா சொல்லித் தாரேனே சார்.”

“நீங்க பயிற்சியாளர் லிஸ்ட்ல இல்ல. உக்காருங்க” என்றார் சமுத்திரம் சார். அவர் அந்த ரயிலைப் படத்தில் பார்த்திருந்தார்.

முதல் பாடம், மஞ்சள் கோடு. ரயில் வந்து நிற்கும்வரை கோட்டைத் தாண்டக் கூடாது. வராந்தாவில் அவர் மேசைக்குப் பத்தடி முன்னால் கோடு போட்டார்கள். ரயில் வராததால் அன்றைக்கு யாரும் அவர் மேசைக்குப் பக்கத்தில் போக முடியவில்லை. இது மிகவும் பயனுள்ள பாடம் என்று அவர் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது, அட்டை. உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் அட்டையை மிசினில் வைத்து எடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தால் வாசல் திறக்காது. எங்களிடம் இருந்தது ரேசன் கார்டு. பீரோ கதவில் வைத்து எடுத்தோம். கார்டை வீட்டில் விட்டுவந்த ஒருவரை மத்தியானம்வரை வெளியே விடவில்லை.

மூன்றாவது, நகரும் படிக்கட்டு. சேலை முந்தியைத் தூக்கிப் பிடித்து, பிள்ளையின் கையை விடாமல், ஒரு ஓரமாக அசையாமல் நிற்க வேண்டும். அது தானாக மேலே கொண்டுபோய்விடும். நாங்கள் மாடிப்படியில் ஏறி அசையாமல் நின்றோம்.

கால் மணி நேரம் கழித்துக் காசிராஜன் ஐயா கேட்டார். “எம்புட்டு நேரம் சார் நிக்க?”

“மேல போய்ச் சேர்ற வரைக்கும்.”

“நகரலையே சார்.”

மாரீஸ்வரி அக்கா சொன்னாள். “அண்ணாச்சி, என் லைசென்ஸ் ஃபைல் ரெண்டு வருசமா இந்தப் படியிலதான் நிக்கி. நீங்க கால் மணி நேரத்துக்கே சலிச்சுக்கிடுதிய.”

கடைசியில் பரீட்சை. சன்னல் வழியாக என்ன தெரியும் என்று ஒரு கேள்வி. பூமிக்கடியில் இருட்டுதான், கண்ணாடியில் நம்ம மூஞ்சிதான் தெரியும் என்று காசிராஜன் ஐயா எழுதினார். சமுத்திரம் சார் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிய நோட்டில் இருந்த விடை, ‘நகரின் எழில்மிகு காட்சிகள்’. அவர் ஒருத்தர்தான் ஃபெயில். நான் நோட்டில் இருந்ததை அப்படியே எழுதினேன். ‘பூமிக்கடியில் பயணம் செய்யத் தகுதியுடையவர்’ என்று முத்திரை குத்தி மறுநாளே சான்றிதழ் வந்துவிட்டது. கூட வந்ததற்காகக் கார்த்திகாவுக்கும் ஒன்று.

“பாப்பா பேரென்ன?” என்று கேட்டு சமுத்திரம் சாரே பச்சை மையில் எழுதினார்.

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. “அதே பேரைப் பிறப்புச் சான்றிதழ்லயும் எழுதிட்டா...”

“அது வேற செக்சன்மா.”

“அங்க யாரு சார்?”

“நாந்தான். வெள்ளிக்கிழமை வா.”

வெள்ளிக்கிழமை போனால் வராந்தா முழுக்கக் கூட்டம். சமுத்திரம் சார் தன் அறிக்கையில், ‘இப்பகுதியில் தகுதி பெற்ற பயணிகள் நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது பேர் தயார் நிலையில் உள்ளனர்’ என்று எழுதிவிட்டார். தயார் நிலையில் உள்ள பயணிகளுக்கு நிலையம் எங்கே தேவை என்று மக்கள் கருத்தைக் கேட்டு அனுப்புமாறு மேலிடத்தில் இருந்து பதில் வந்திருந்தது. ரயில் உண்டா என்று அதில் இல்லை. ரயில் உண்டா என்று யாரும் கேட்கவும் இல்லை.

“ராஜபாளையத்துலதான் வைக்கணும். மில்லு அம்புட்டும் எங்க ஊர்ல இருக்கு” என்றார் காசிராஜன் ஐயா.

“கோவில் எங்க இருக்கு, கோர்ட்டு எங்க இருக்கு? சனம் தேடி வாரது எங்க ஊருக்கு” என்றாள் மாரீஸ்வரி அக்கா.

“பால்கோவா வாங்க எவனும் பூமிக்கடியில வரமாட்டான் தாயி.”

“ஃபெயிலானவிய பேசக் கூடாது அண்ணாச்சி.”

இந்தச் சண்டைக்கு நடுவிலும் சமுத்திரம் சார் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுசர்தான். என் பேப்பரை எடுத்து வைத்து, பேனா மூடியைக் கழற்றிவிட்டார். “பேரை எழுத்தெழுத்தாச் சொல்லும்மா.”

நான் ‘கா’ என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் காசிராஜன் ஐயா சொன்னார். “ரெண்டு ஊர்லயும் ஆளுக்கொண்ணு வச்சிக்கிடுவோம். வன்னியம்பட்டி மாதிரி சின்ன ஊர்ல மட்டும் நிக்கவே கூடாது. வேகம் கெட்டுரும்.”

“ஏன் நிக்கக் கூடாது?”

கேட்டது யார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

“எங்க ஊர்ல மனுசர் இல்லையா? அடியில தோண்டுறது எங்க வயலு, ஏறுறதுக்கு மட்டும் உங்க ஊரா? நான் பாஸ் பண்ணவ. நிக்காம எப்படிப் போகுதுன்னு நானும் பாக்கேன்.”

சமுத்திரம் சார் என் பேப்பரை ஓரமாக வைத்தார். “நல்ல கருத்து. மனுவா எழுதிக் கொடு” என்றார். ஊர், நிலையம் அமைய வேண்டிய இடம், வாசல் எந்தப் பக்கம், எல்லாவற்றுக்கும் கட்டம் போட்ட பாரம் இருந்தது. நிரப்பிக் கொடுத்ததும் ரசீதும் முத்திரையும் உடனே கிடைத்தன. அதற்குள் ஐந்து மணி. பீரோவைப் பூட்டிவிட்டார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் ஜெயபாண்டி மில்லில் இருந்து வந்ததும் கேட்டார். “பேரு ஏறிருச்சா?”

“இல்ல. நம்ம ஊர்ல சுரங்க ரயில் நிக்கணும்னு மனு கொடுத்துட்டு வாரேன்.”

ரசீதை வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்தது. திட்டப்போகிறார் என்று பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். ரசீதில் விரலை வைத்துக் கேட்டார்.

“வாசல் எந்தப் பக்கம் போட்ட?”

“கிழக்க.”

“ஏட்டி, நம்ம வீடு மேக்க இருக்கு. கிழக்க வச்சா ஊரையே சுத்தில்லா வரணும்? உனக்கு ஒரு மனு எழுதத் தெரியல. திங்கக்கிழமை நான் லீவு போட்டுட்டு நேர்ல போறேன்.”

திங்கட்கிழமை விடிந்ததும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பள்ளிக்கூடத்தில் கடைசி நாள் என்று வாசல்வரை போய் இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். மத்தியானமே சிரித்த முகமாக வந்துவிட்டார். வாசலை மேற்கே மாற்றி, புது ரசீதும் வாங்கியிருந்தார்.

“பிள்ளை பேரு?” என்று கேட்டேன்.

“அங்க எம்புட்டுப் பெரிய விசயம் பேசிட்டு இருக்காவ” என்றார். “அதுக்கு நடுவுல இதப் போய் எப்படிட்டி கேக்க?”