ரகத் பலகையை மூடினாளா?

இந்த முறை தானாகப் போன் செய்வதில்லை என்று ஏசென் சபதம் எடுத்தான். கோபித்துக்கொண்டு போனவள் ரகத். கோச்கோர் கிராமத்துத் தாய்வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவளும் அவள்தான். அவளே கூப்பிடட்டும். சபதத்தைக் கேட்க வீட்டில் வேறு ஆள் இல்லாததால், தேநீர்க் கெண்டியிடம் சொல்லிவைத்தான்.

அவள் சொல்லாமல் ஒன்றும் போகவில்லை. சொல்லிவிட்டுத்தான் போனாள். ஏசென் அப்போது லேப்டாப்பில் தலையை விட்டிருந்தான். தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு கம்பெனிக்கு ஆப் எழுதித் தருவது அவன் பிழைப்பு.

"நான் அம்மா வீட்டுக்குப் போறேன்."

"ம்."

"திரும்பி வருவேனான்னு தெரியாது."

"சரி, ம்."

கோப்பையில் தேநீர் ஆறி ஏடு கட்டிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். கொக்கியில் அவள் கோட்டு இல்லை.

அன்றிலிருந்து ஐஸ்பெட்டியில் கிடந்த மந்தி என்ற கறிக் கொழுக்கட்டையை வேகவைத்து, நின்றபடியே பாத்திரத்தோடு தின்றான். பழக்க தோஷத்தில் இரண்டு கிண்ணம் எடுப்பான். ஒன்றைத் திரும்ப உள்ளே வைப்பான். அந்த ஒன்றைத் திரும்ப வைக்கும் நேரம்தான் அவனுக்குத் தாங்கவில்லை. அழுகை வரவில்லை என்று பொய் சொல்வதில் பயனில்லை, வந்தது.

வழக்கப்படி என்றால் ஓர் ஆட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். கதவோரமாகக் கடைசி இடத்தில் உட்கார்ந்து, அவள் பெரியப்பா சித்தப்பாக்கள் வகை வகையாகத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு, பெண்டாட்டியை அழைத்துவர வேண்டும். படித்த மனுஷன் செய்கிற காரியமா அது? ஏசென் குறுக்கு வழி கண்டுபிடித்தான்.

அவர்கள் இரண்டு பேருக்காக அவன் ஒரு ஆப் எழுதியிருந்தான். வீட்டில் பால் இல்லை, மாவு இல்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள. உலகத்திலேயே இரண்டே பேர் பயன்படுத்தும் ஆப் அது. அதை ரகத் திறந்தால் திரையின் அடியிலிருந்து ஒரு பலகை எழுந்து வரும்படி செய்தான். 'வீட்டில் தேயிலை இருக்கிறது. ஊற்றித் தரத்தான் ஆள் இல்லை' என்று அதில் எழுதினான். கீழே 'சரி' என்று ஒரு பட்டன். இதைச் சொல்வது ஆப்தான், ஏசென் இல்லை. ஆகவே சபதம் பத்திரம்.

சாமர்த்தியம் இனிமேல்தான் இருக்கிறது. பலகை எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று அவன் லேப்டாப்புக்குத் தகவல் வந்துவிடும். சட்டென்று மூடினால் கோபம் ஆறவில்லை. நிதானமாக மூடினால் மனசு இளகுகிறது. பெண் மனசை அறிய முடியாது என்று எவன் சொன்னது?

மத்தியானம் தகவல் வந்தது: பலகை திறந்தது.

மூடவில்லை. தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தான். மூடவில்லை. கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்து பார்த்தான். அப்போதும் மூடவில்லை.  பாவம், போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியையே பார்த்து அழுதுகொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு சூரா அக்கா எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகள் கொண்டுவந்தபோது, அவனால் பெருமையை அடக்க முடியவில்லை.

"அக்கா, ரகத் மத்தியானத்துலேர்ந்து என் பலகையையே பாத்துக்கிட்டிருக்கா."

"மத்தியானத்துலேர்ந்தா? அங்க மாடு யாரு கறக்கறா?"

"கண்ணை எடுக்க முடியல போலிருக்கு, பாவம்."

"தம்பி, உன் மூஞ்சியையே அவ அவ்வளவு நேரம் பாத்ததில்ல. எங்க, காட்டு அந்த அதிசயத்தை."

ஏசென் தன் போனில் அதே பலகையை எழுப்பி அவள் கையில் கொடுத்தான். அக்கா கட்டைவிரலால் அதைக் கீழே தள்ளினாள். பலகை மறைந்தது.

"அக்கா, படிக்கவே இல்லையே நீங்க."

"எதை?"

"பட்டனை அழுத்தித்தான் மூடணும்."

"எதுக்கு? தள்ளினாலே போயிடுது. ஓரமாத் தொட்டாலும் போயிடும். எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான். எவன் படிக்கறான் இதையெல்லாம்?"

ஏசென் லேப்டாப்பைப் பார்த்தான். அக்கா மூடிய பலகையும் அதில் திறந்தே கிடந்தது. மூன்று வாசல் உள்ள வீட்டில் ஒரு வாசலுக்கு மட்டும் காவல் போட்டிருந்தான் அந்தப் புத்திசாலி. பட்டனை அழுத்தினால்தான் தகவல் வரும். கீழே தள்ளினாலோ வெளியே தொட்டாலோ, சொல்ல ஆள் கிடையாது. ஆபீசில் தெரிந்தால் வருஷம் முழுக்க வைத்துச் சிரிப்பார்கள்.

திருத்தினான். எப்படி மூடினாலும் தகவல் வரும்படி எழுதி, பலகையை மறுபடி அனுப்பினான். மறுநாள் காலை வந்தது: பலகை திறந்தது. மூச்சு விடுவதற்குள் அடுத்தது: கீழே தள்ளி மூடப்பட்டது.

ஏசென் அந்த வரியை இரண்டு தடவை படித்தான். ஐஸ்பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. நேற்று அவள் அழுதாள் என்று நினைத்தானே, அந்த நினைப்பாவது துணையாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

ரோஷம் வந்தது. தள்ள முடியாத, வெளியே தொட்டாலும் போகாத பலகை ஒன்றைச் செய்தான். இரண்டே பட்டன். 'வருகிறேன்', 'வர மாட்டேன்'. எதையாவது அழுத்தாமல் அவளால் நகர முடியாது. எங்கே தப்பிக்கிறாள், பார்க்கலாம்.

பலகை திறந்தது. அப்புறம் சத்தமில்லை. ஏசென் இன்னொரு செய்தி அனுப்பினான். அது போய்ச் சேராமல் திரும்பி வந்தது. திரையின் மூலையில் ஒரு வரி மாறியிருந்தது: மொத்தப் பயனர், ஒருவர்.

அவள் ஆப்பையே போனிலிருந்து எடுத்துவிட்டாள்.

சபதம் எங்கே போயிற்றென்று ஏசெனுக்குத் தெரியாது. போன் போட்டான். மணி அடித்த உடனே ரகத் எடுத்தாள்.

"ஆப்பை ஏன் எடுத்தே?"

"யாரு பேசறது?"

"நான்தான், ஏசென்."

"ஓ. போன்ல பேசக்கூடத் தெரியுமா உங்களுக்கு?"

"ஒரு பட்டனைத்தானே அழுத்தச் சொன்னேன்?"

"அழுத்தியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அவ சரின்னுட்டான்னு லேப்டாப்புக்குள்ள மறுபடி தலையை விட்டிருப்பீங்க. எடுத்ததுனாலதானே இப்ப குரல் வருது? நேத்தே எடுத்திருக்கணும், எனக்குத்தான் புத்தியில்ல."

ஏசென் லேப்டாப்பை மெல்ல மூடினான்.

"ஒண்ணு கேக்கறேன். நான் உங்ககூடப் பேசறதை நிறுத்தி எத்தனை நாளாச்சு தெரியுமா? வசந்தத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். அதுக்கு உங்க லேப்டாப்புல ஒண்ணும் வரலையா?"

"வரல," என்றான் ஏசென். அப்புறம் மெதுவாக, "நான் பாக்கல ரகத். பக்கத்துலயே உக்காந்திருந்தும் பாக்கல. நீ இல்லாம வீட்டுல சோறு இறங்கல. ரெண்டு கிண்ணம் எடுத்து ஒண்ணைத் திரும்ப வெக்கறேன். நாளைக்கே ஆட்டோட வரேன். கதவுகிட்ட உக்காந்துக்கறேன். யாரு என்ன திட்டினாலும் கேட்டுக்கறேன். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், வந்துடு" என்றான்.

 அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் லேசாகக் கேட்டது. அவன் நெஞ்சு நிறைந்து போயிற்று. பிறகு மாமியாரின் குரல் வந்தது.

"மாப்பிள்ளே, அந்தக் கடைசி வரியை மட்டும் கொஞ்சம் சத்தமா இன்னொரு தடவை சொல்லுங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டு நடு மேசையிலதான் வெச்சிருக்கோம், ஆனா பெரியப்பாவுக்குக் காது மந்தம்."