கந்தக தோஷமும் நாலு மீட்டர் தூரமும்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே கல்யாண மண்டபம் நிரம்பிவிட்டது. கல்யாணம் எதுவும் இல்லை. விருதுநகரிலிருந்து இரண்டு வேன், சாத்தூரிலிருந்து ஒரு வேன், ஏழாயிரம்பண்ணையிலிருந்து பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் ஒன்று. லீவு நாளிலும் லோடு கிடைத்துவிட்டதே என்று அந்த பஸ் டிரைவருக்கு ஏக மகிழ்ச்சி. வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'பாட்டுக்கு உயிர் கொடுக்கும் நாத பீடாதிபதி ஒலியானந்த சித்தர் அருளும் இசை தோஷ நிவர்த்தி முகாம்.' எங்கள் சிவகாசியில்தான் அடித்திருந்தார்கள். கலர் பிசகவில்லை.

இசைக்கும் தோஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் லேப்டாப் வைத்திருப்பவன் எல்லாம் பீட் போடுகிறான். கோயிலில் அடித்த உறுமியில் ஒரு துண்டு, அச்சு மெஷின் தடதடப்பில் ஒரு துண்டு, சரவெடியில் ஒரு துண்டு என்று வெட்டி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தாளமாக்குவதற்குத்தான் அந்தப் பெயர். ஒட்டிய பிறகு நன்றாக இருந்தால் அவன் திறமை. நன்றாக இல்லாவிட்டால் கிரகம். இந்த இடத்தில்தான் சித்தர் கடை போட்டார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். வருஷம் முழுவதற்குமான ராகு காலம், எமகண்டம், கரிநாள் எல்லாம் என் பேனா பட்டுத்தான் உங்கள் வீட்டுச் சுவருக்கு வருகிறது. ஒரு வருஷம் மேஷத்துக்கும் ரிஷபத்துக்கும் பலன் இடம் மாறி அச்சாகிவிட்டது. ஒரு வாசகர்கூடக் கடிதம் போடவில்லை. இரண்டு ராசிக்காரர்களுக்கும் பலித்திருக்க வேண்டும். ஆகவே சித்தரிடம் நான் போனது தொழில் மரியாதையோடுதான்.

என்னை அழைத்துப் போனவன் சண்முகவேல். எங்கள் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறான். வீட்டுக்குப் போனால் பீட் போடுகிறான். அவன் மனைவி பாண்டிமீனா பட்டாசுக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். வெடியைக் கொளுத்தி, நாலு மீட்டர் தள்ளி மீட்டரை வைத்து, சத்தம் விதிக்குள் இருக்கிறதா என்று அளப்பது அவள் வேலை. நன்றாகப் பாடுவாள். ஒரு பட்டாசுக் கம்பெனி தீபாவளி விளம்பரத்துக்குப் பாட்டு கேட்டிருந்தது. வரிகளை அவளே எழுதினாள், அவளே பாடினாள். சண்முகவேல் பீட் போட்டான். பாட்டைக் கொடுக்க வியாழக்கிழமை கடைசி நாள். தேர்வானால் ஊர் முழுக்க அவள் குரல் ஒலிக்கும்.

ஆனால் பாட்டு செத்த பாட்டாக இருந்தது. உறுமி கேட்டது, மெஷின் கேட்டது, வெடி கேட்டது. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி கேட்டது. சண்முகவேல் அதை எடுத்துக்கொண்டு போன வாரம் சித்தரிடம் ஓடினான். நானும் கூடப் போனேன்.

சித்தர் பாட்டைக் கண்மூடிக் கேட்டார்.

"மகனே, சத்தத்தைக் கூட்டுறது, குறைக்கிறதெல்லாம் அகங்காரம். எஃபெக்ட்டுதான் அருள். நான் தர்ற நாத பென்டிரைவுல பதினோரு எஃபெக்ட் இருக்கு. எக்கோ மேல எக்கோவா ஏத்து. சிவப்பு லைட்டு எரியும். எரிஞ்சா பதறாத. அது அம்பாள் கண்ணு."

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தச் சிவப்பு விளக்கு, கருவி தாங்காத அளவுக்குச் சத்தம் போனால் எரிகிற எச்சரிக்கை விளக்கு. பட்டாசுக் கம்பெனியில் சிவப்பு விளக்கு எரிந்தால் எல்லாரும் வெளியே ஓடுவார்கள். நாத பீடத்தில் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பாடுனது யாரு?" என்றார் சித்தர்.

"என் வீட்டுக்காரி, சாமி."

"எங்கன வேலை பாக்கா?"

"பட்டாசுக் கம்பெனியில."

சித்தர் பெருமூச்சு விட்டார். "அதான பாத்தேன். குரல்ல கந்தக தோஷம் இருக்கு. நாப்பத்தெட்டு நாளு நாதத் தகடு வச்சுப் பூசை பண்ணணும். அதுவரைக்கும் அந்தக் குரல் பாட்டுல இருக்கப்படாது."

சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டை வரைக்கும் கந்தகம் தொடாத குடும்பம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வாடிக்கையாளருக்குப் பஞ்சமே வராத தோஷமாகப் பார்த்துத்தான் மனிதர் கண்டுபிடித்திருக்கிறார். அவர் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சண்முகவேல் அன்றே பதினோரு எஃபெக்ட்டையும் ஏற்றினான். மதுரையில் ஒரு ஆண் பாடகருக்கும் போன் போட்டான். திங்கட்கிழமை வந்து பாடித் தருவதாக ஏற்பாடு. வீட்டில் அதைச் சொன்னபோது பாண்டிமீனா அழவில்லையாம், சண்டை போடவில்லையாம். மறுநாள் மெஷின் பக்கத்தில் நின்று என்னிடம் சொன்னான்.

"வெடிச்சிருந்தாக்கூடத் தாங்கிருப்பேன் சார். பேசாம சோத்தைப் போட்டுட்டு, 'எட்டு வருசமா இந்தக் குரலக் கேட்டுத்தான் காலையில எந்திரிக்கீக, அப்பல்லாம் தோஷம் தெரியலையா'ன்னா."

"அவ கேட்டது நியாயம்தானே. போனைப் போட்டு அந்த மதுரைக்காரரை வர வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே."

"அது எப்படி சார். சாமி சொல்லிட்டாகளே."

அவளுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனுஷியிடம் இருந்த நல்ல பொருளைப் பிடுங்குவதற்கு யாரோ ஒருவன் வாயசைத்தால் போதும், கட்டின புருஷனே எடுத்துக் கொடுத்துவிடுகிறான். கடைசியில் அவள் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள். முகாமுக்குத் தானும் வருவேன், அங்கே ஒரு தரம் அளந்து பார்த்துவிட்டுப் பிறகு குரலை எடுக்கட்டும் என்று.

அப்படித்தான் அவளும் மண்டபத்துக்கு வந்தாள், தோளில் ஒரு பையோடு.

மேடையில் சித்தர். அவருக்குப் பின்னால் காவித்துணித் திரை மறைவில் மிக்சர் போர்டும் சீடரும். சித்தர் செய்கிற அற்புதம் எளிமையானது. தோஷப் பாட்டைக் கொஞ்சம் ஒலிக்க விடுவார். நிறுத்துவார். லேப்டாப் மேல் செப்புத் தகடு ஒன்றை வைத்து மந்திரம் சொல்வார். அதே பாட்டை மறுபடி ஒலிக்க விடுவார். அது கம்பீரமாக எழும்பும். ஜனங்கள் "ஆகா" என்பார்கள். முன்வரிசையில் அரிசி ஆலை ராஜபாண்டியன் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு, ஆலைக்கு, காருக்கு என்று ஏற்கெனவே மூன்று தகடு வாங்கியவர். நாலாவது பேரனின் கீபோர்டுக்காம்.

சண்முகவேல் முறை வந்தது. லேப்டாப்போடு மேடையேறினான். பின்னாலேயே பாண்டிமீனாவும் ஏறினாள். பையிலிருந்து டேப்பை எடுத்து, ஸ்பீக்கரிலிருந்து நாலு மீட்டர் அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, அங்கே மீட்டரை நிறுத்தினாள்.

"இது என்னம்மா?" என்றார் சித்தர்.

"சத்தம் அளக்குற மீட்டர், சாமி. கம்பெனியில கேட்டு வாங்கிட்டு வந்தேன். உங்க தகட்டோட மகிமையை நம்பர்ல பாத்துக்கிடலாம்னு."

சித்தருக்கு வாயெல்லாம் பல். "தாராளமா பாரு தாயி."

பாட்டு ஒலித்தது. "எழுபத்தெட்டு டெசிபல்" என்று மைக்கில் வாசித்தாள். தகடு வைக்கப்பட்டது. மந்திரம் சொல்லப்பட்டது. பாட்டு எழும்பியது. "எம்பத்தேழு" என்றாள்.

மண்டபம் கைதட்டியது. நம்பரே ஏறிவிட்டது, இனி என்ன சந்தேகம். சித்தர் கையை உயர்த்தி, "விஞ்ஞானம் மெய்ஞ்ஞானத்துக்குத் தலைவணங்குது, பாத்துக்கோங்க" என்றார். சண்முகவேல் மனைவியைப் பெருமையாகப் பார்த்தான். அவள் குரலுக்குத் தோஷம் நிரூபணமானதில் அவனுக்கு என்ன பெருமையோ, கடவுளுக்கே வெளிச்சம்.

"சரிங்க சாமி" என்றாள் பாண்டிமீனா. "ஆனா எங்க கம்பெனியில ஒரு வெடியை ஒருக்க வெடிச்சுப் பாத்துட்டு முத்திரை குத்த மாட்டோம். இன்னொருக்க பாப்போம். இந்தத் தடவை திரைக்குப் பின்னால இருக்க உங்க சீடர் மட்டும் இங்கன வந்து என் பக்கத்துல நிக்கட்டும்."

"சீடர் பீடத்தை விட்டு எந்திரிக்கப்படாது."

"ஏன் சாமி, தகடுதான வேலை செய்யுது? அவுக கையி எதுக்கு?"

பின்வரிசையிலிருந்து அந்த பஸ் டிரைவர் எழுந்தார். "ஏலே தம்பி, எந்திரிச்சு வாலே. மத்தியானத்துக்குள்ள நான் வண்டியை எடுக்கணும்" என்றார். பக்தியால் முடியாததை அவசரம் முடித்துவைத்தது. சீடர் வந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், பாண்டிமீனா பக்கத்தில் நின்றார்.

பாட்டு ஒலித்தது. எழுபத்தெட்டு. சித்தர் தகட்டை வைத்தார். எழுபத்தெட்டு. மந்திரத்தை உரக்கச் சொன்னார். எழுபத்தெட்டு. தகட்டைத் திருப்பி வைத்தார். மீட்டர் அப்போதும் எழுபத்தெட்டிலேயே நின்றது.

சித்தர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்குக் கரிநாளு. தகடு வேலை செய்யாது."

இங்கே நான் எழுந்திருக்க வேண்டியதாயிற்று. "கரிநாள் வருகிற செவ்வாய்க்கிழமைதான் சாமி. நான்தான் பிழை திருத்தினேன்."

அதற்குள் சீடருக்குப் பயம் முற்றிவிட்டது. மேடை என்பதை மறந்து, "தங்கப்பாண்டி அண்ணே, காரியாபட்டி மைக் செட்டுக் கடையிலயே இருந்திருக்கலாம். இப்ப நான் என்ன செய்ய? சொல்லித் தொலைங்க" என்று கேட்டுவிட்டார். மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது. ஒலியானந்த சித்தர் காரியாபட்டியில் மைக் செட் வாடகைக்கு விட்ட தங்கப்பாண்டியன் என்பது ஊருக்கு அப்படித்தான் தெரிந்தது.

பாண்டிமீனா அதோடு விடவில்லை. திரையை விலக்கி மிக்சர் போர்டுக்குப் போனாள். "எல்லாரும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு குமிழை மெல்ல மேலே தள்ளினாள். பாட்டு கம்பீரமாக எழும்பியது. மீட்டரில் எண்பத்தேழு. ராஜபாண்டியன் தன்னை மறந்து சட்டைக்கையைச் சுருட்டி, "மயிரெல்லாம் கூச்செறியுது பாருங்க" என்று பக்கத்திலிருந்தவருக்குக் காட்டினார். தகடு அப்போது சித்தரின் மடியில் இருந்தது. பக்கத்திலிருந்தவர் அதைச் சுட்டிக்காட்டியதும் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"சத்தம் கூடுனா எந்தப் பாட்டும் நல்லாருக்க மாதிரிதான் காதுக்குப் படும்" என்றாள் பாண்டிமீனா. "வித்தை அம்புட்டுத்தான். சத்தத்தை அளந்து விக்கிற ஊரு நம்மூரு. இதை அளந்து பாக்கணும்னு நம்மள்ல ஒருத்தருக்கும் தோணலையே."

பிறகு புருஷனைக் கூப்பிட்டாள். "அந்தப் பதினோரு எஃபெக்ட்டையும் எடுங்க. எல்லாச் சத்தத்தையும் அடியோட கீள இறக்குங்க. இப்ப குரலை மட்டும் ஏத்துங்க. போதும். அது கேக்குற அளவுக்கு உறுமி. அதுக்கும் கொஞ்சம் கம்மியா மெஷினு. வெடிச் சத்தம் எல்லாத்துக்கும் கடைசி."

"எல்லாமே முழுசா இருந்தாத்தான வெடிக்கும்" என்று முனகினான் சண்முகவேல்.

"நாலு பேரும் ஒரே நேரத்துல கத்துனா யாரு பேசுறது விளங்கும்? அளவை வச்சுக்கிட்டு அப்புறம் எக்கோ போடுங்க. வேணும்னா."

லேப்டாப்பில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. பாட்டு ஒலித்தது.

*காதைப் பொத்திச் சிரிக்குதடி*
*கண்ணைத் திறந்து பாக்குதடி*

வெடிக்குப் பயந்து, ஆனால் வெடியைவிட்டுப் போகவும் மனமில்லாமல் நிற்கிற ஒரு குழந்தையைப் பற்றிய பாட்டு. ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது. எழுபத்தைந்து டெசிபல்தான். சண்முகவேல் குனிந்தபடி நின்றான். பிறகு எல்லார் முன்னாலும் போனை எடுத்து, "அண்ணே, நாளைக்கு வர வேண்டாம். என் வீட்டுக்காரியே பாடிட்டா" என்றான். அவளிடம் மன்னிப்புக் கேட்டானா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் அவள் ஒரு வாரத்துக்காவது கொடுத்திருக்கக் கூடாது.

இந்தக் கலவரத்தில் தங்கப்பாண்டியன் பின்வாசல் வழியாகக் கிளம்பினார். பின்வாசலில் பஸ் நின்றது. அதைச் சுற்றி, தகடு வாங்கிய ஏழாயிரம்பண்ணைக்காரர்கள் நின்றார்கள். அங்கே என்ன நடந்தது என்று மீட்டர் வைத்து அளக்கவில்லை.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். உள்ளே திரும்பினால் மேடையைச் சுற்றி ஒரு வரிசை நிற்கிறது. முதலில் ராஜபாண்டியன், கையில் குங்குமம். மீட்டருக்குச் சந்தனம் வைத்தாகிவிட்டது. யாரோ தன் கொண்டையில் இருந்த பூவைக்கூட எடுத்துச் சாத்தியிருந்தார்கள்.

"தாயி" என்றார் ராஜபாண்டியன் பணிவாக. "இந்த மீட்டர் எங்கன கிடைக்கும்? ஆலையில ஒண்ணு, பூசை ரூம்புல ஒண்ணு வச்சா தோஷம் எதுவும் அண்டாதுல்லா?"

பாண்டிமீனா சந்தனம் படிந்த மீட்டரைக் கையில் எடுத்தாள். பூவை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். சேலைத் தலைப்பால் மீட்டரைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

"பொட்டு வச்சுக் கும்பிட்டா இதுவும் தகடுதான், அண்ணாச்சி. கையில வச்சிருக்கவுக யோசிச்சாத்தான் இது மீட்டரு."